வண்டியில் தப்பில்லை

வண்டியைப் பார்க்கச் சொன்னால் அவர் முதலில் செருப்பைக் கழற்றுவார். கழற்றிப் பட்டறை வாசலில் ஓரமாகப் போட்டுவிட்டு, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தகரத் தரையில் அழுத்தி வைத்துக்கொள்வார். பானெட்டைத் திறக்கமாட்டார். அடியில் குனிந்தும் பார்க்கமாட்டார். "ஓட்டு" என்பார், அவ்வளவுதான். என்ன, பக்தியா என்று புதிதாக மாற்றலாகி வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கேட்டுவிட்டார். "பக்திய கோயில்ல வச்சுக்கிறேன் சார். ரப்பர் செருப்பு போட்டா கியர் பாக்ஸ் பேசுறது காலுக்கு ஏறாதுலா" என்றார்.

மலாய் நாட்டு மலைமேல் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலை ஒன்பது மணிக்கும் பனிமூட்டம் விலகாது. அந்தக் குளிரில் வெறுங்காலைத் தகரத்தில் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பல் கிட்டும். அவர் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்து வருவார். இறங்கும்போது தீர்ப்பு தயாராக இருக்கும். பத்தில் ஒன்பது முறை அது ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "வண்டியில தப்பில்ல."

அதற்கு அடுத்த வாக்கியத்துக்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் பெரிய கிராணி வரை அவரைப் பட்டறையண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். தோட்டத்துப் பட்டறை மெக்கானிக், குள்ளமான ஆள். கழுத்தில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு சுற்றியிருக்கும். நாள் முழுக்க மசகில் கிடக்கிற மனிதரின் நகங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசரின் நகங்களைவிடச் சுத்தமாக இருக்கும். வேலை முடிந்ததும் மரத்தூளையும் சோப்பையும் வைத்துக் கால் மணி நேரம் தேய்ப்பார். நாலு பக்கமும் தேயிலை, மனிதர் குடிப்பதோ கோப்பி. தேயிலைத் தோட்டத்துச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்க் கோப்பித்தூள் வாங்கி வருகிற ஒரே ஆள் என்று அவரைக் கேலி செய்வோம். தேயிலை வெந்நீருக்குச் சாயம் போடுகிற இலை, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி.

நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் சின்ன கிராணி, அதாவது குமாஸ்தா. எழுபதுகளின் நடுவில் போய்ச் சேர்ந்தவன், பதினோரு வருஷம் இருந்தேன். கடிதம் டைப் அடிப்பது, சாமான்களுக்கு ஆர்டர் எழுதுவது எல்லாம் என் வேலை. விடியற்காலையில் ஆட்கள் வேலைக்குப் பிரிந்து போகுமுன் களத்தில் கூடி நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். செக்ரோல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே பேர் கூப்பிடுவதும் நான்தான்.

கல்யாணமான புதிதில் மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போய் ஒரு பழைய காரை வாங்கி வந்தேன். ஆறு மாதத்தில், மலை ஏறும்போது இரண்டாவது கியர் போட்டால் கரகரவென்று அரைத்தது. தலையில் கட்டிவிட்டான் பாவி என்று விற்றவனைத் திட்டிக்கொண்டே பட்டறையண்ணனைக் கூப்பிட்டேன். வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார். பின்னால் என் மனைவி. மூன்றாவது வளைவில், கியர்க் குமிழின் மேல் இருந்த என் இடது கையை எடுத்து என் மடியில் வைத்தார். நான் மறுபடியும் குமிழில் வைத்தேன். அவர் மறுபடியும் எடுத்து வைத்தார்.

"இந்தக் கைக்கு வேற வேல இல்லையா?"

"சும்மா வச்சிருக்கேண்ணே."

"சும்மா வைக்கிறதுதான் தம்பி வென. உள்ள ஒரு கவட்ட இருக்கு. கியர நகத்துறது அதுதான். ஒன் கை கனம் பூரா அது மேல உக்காருது. அது போயி சுத்துற சக்கரத்துல ஒரசிக்கிட்டே கெடக்கு. எந்நேரமும் மேல கையப் போட்டுகிட்டே இருந்தா யாருக்குத்தான் பிடிக்கும்?"

பின்னால் இருந்தவள் சிரித்தாள். இரண்டு நாள் சிரித்தாள். கியர் பெட்டியைப் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்த கவட்டையை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வேறொன்று வாங்கிப் போட்டதும் அரைப்பது நின்றது. காரை விற்றவனை நான் திட்டியதை மட்டும் திரும்ப எடுக்க முடியவில்லை.

அவருடைய சோதனைகள் எளிமையானவை. வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சை முழுக்க மிதிக்கச் சொல்வார். மூன்று மூச்சு விட்டபிறகு ரிவர்ஸ் போடச் சொல்வார். அப்போது அரைத்தால், கிளச் முழுசாக விடவில்லை. கியர் பெட்டி பாவம், அதைத் தொடவேண்டாம். அரைக்காமல் விழுந்து, ஓடும்போது மட்டும் அரைத்தால், எண்ணெயைப் பார்க்கவேண்டும். எண்ணெயை ஒரு வெள்ளை மங்குத் தட்டில் வடித்து வெயிலுக்குக் கொண்டுபோய் சாய்த்துப் பார்ப்பார். வெள்ளி மினுங்கினால் பல் போகிறது. மஞ்சளாக மினுங்கினால் பித்தளை வளையம் தேய்கிறது. ஒவ்வொரு கியரும் விழுவதற்குள் இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் சமமாக்கிச் சேர்த்துவைப்பது அந்த வளையம்தான். "தரகரு மாதிரி லா. ரெண்டு வீட்டையும் பேசிச் சமாளிச்சு வைக்கிறவரு. அவரு செத்துட்டா ரெண்டு வீடும் நேரா அடிச்சுக்கும்" என்பார்.

கியா பார்மில் முட்டைக்கோசு பயிரிட்ட ஒரு சீன முதலாளி (தவுக்கே என்போம்), தன் வேனின் கியர் பெட்டியையே மாற்றவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இடிந்துபோய் வந்தார். எந்தக் கியர் போட்டாலும் அரைப்பது ஊருக்கே கேட்டது. பட்டறையண்ணன் ஏறி உட்கார்ந்தார். காலைக் கீழே வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். குனிந்து, தவுக்கேயின் காலடியில் கிடந்த சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே எறிந்தார். நான்கு சாக்குகள். குளிருக்காக ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு மெத்தை மாதிரி ஆக்கியிருந்தார் தவுக்கே. கிளச் மிதி பாதி தூரம் போவதற்குள் சாக்கில் முட்டி நின்றுகொண்டிருந்தது.

"இனி தாக் ரோசாக், தவுக்கே" என்றார். கெடவே இல்லை என்று மலாயில் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில், "வண்டியில தப்பில்ல. இவரு காலு சொகங்கண்டு போச்சு" என்றார். அந்த வருஷம் முழுக்கப் பட்டறையில் தவுக்கே அனுப்பிய கோசு இல்லாத நாளே கிடையாது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் விஷயம் இன்னும் பெரியது. ஒரே வருஷத்தில் இரண்டு முறை அவர் காரில் கிளச் தட்டு தீய்ந்தது. பட்டறையண்ணன் அவரோடு ரிங்லெட் வரை போய் வந்தார். வந்து இறங்கி, டிரசரைத் தனியாகக் கூப்பிட்டு, "வண்டியில தப்பில்ல சார். நீங்க கிளச்ச விட்டு கால எடுக்கவே மாட்டேங்குறீங்க. வளைவு எங்க வருதுன்னு ஒங்களுக்குத் தெரியல. தானா ராத்தா ஆஸ்பத்திரியில கண்ண காட்டுங்க" என்றாராம். டிரசருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கு மருந்து கொடுக்கிறவனுக்கு ஒரு மெக்கானிக் வைத்தியம் சொல்வதா? ஆனால் போய்க் காட்டினார். இரண்டு கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் சொன்னால் சொன்னதுதான். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பெண் பார்க்க வந்தவர்களிடம் தட்டு நீட்டுகிற பெண்ணைப் போல ஓட்டினார்கள். இன்னாருக்கு இரண்டு நாளாக வீட்டில் சண்டை, இன்னாருக்கு முதலாளிமேல் கோபம் என்பதையெல்லாம் கியர் மாற்றுவதை வைத்துச் சொன்னார். பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனாலும் கொஞ்ச நாளில் ஒரு சங்கடம் சேர்ந்துகொண்டது. அதுவரை எத்தனையோ வண்டிகளைப் பார்த்திருந்தார். "தெரியல" என்ற ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்துக்கு இரண்டு புது லோரிகள் வந்தன. பழைய லோரிகள் யுத்தத்துக்குப் பிந்திய காலத்துப் பூதங்கள். புதியவை கொழுந்து ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் சத்தமே கேட்காது. ஒன்றை மாரிமுத்துவிடம் கொடுத்தார்கள். முப்பது வயது, அதிகம் பேசாதவன். அவன் மனைவி பாக்கியம் கொழுந்து எடுக்கிறவள், அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். டிரைவர் வேலையோடு தனி வீடு ஒன்று வந்தது. லயத்து வரிசை வீடுகளை விட்டுச் சற்றுத் தள்ளி, குழாய் உள்ளே இருக்கிற வீடு. பாக்கியம் அதன் முன்னால் ரோஜா வைத்தாள்.

இன்னொரு லோரி சாமான் ஏற்ற எப்போதாவது போகும். மாரிமுத்துவின் லோரிதான் நாள் முழுக்க மேடும் பள்ளமும் ஓடியது. ஒரு வருஷம் ஆவதற்குள் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது அது அரைக்க ஆரம்பித்தது. புது லோரி இப்படி ஆனதில் துரைக்குக் கோபம். தோட்ட மானேஜரை நாங்கள் அப்போதும் துரை என்றுதான் சொல்வோம். அவர் பட்டறையண்ணனை ஆபீசுக்கு வரச்சொல்லி ஒரே கேள்வி கேட்டார். வண்டியா, ஆளா?

பட்டறையண்ணன் வெறுங்காலோடு மாரிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்து தேயிலை ஆலை வரை போய் வந்தார். ரிவர்ஸ் சோதனையில் சத்தமே இல்லை. எண்ணெயை வடித்து மங்குத் தட்டில் சாய்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தூள் கோலப்பொடி மாதிரி மிதந்தது.

"வளையம் போச்சு" என்றார். "வண்டியில தப்பில்ல. அவசரப்பட்டு இழுக்கிறான்."

"இல்லண்ணே" என்றான் மாரிமுத்து. "நான் ரெண்டு எண்ணித்தாண்ணே போடுறேன். நீங்களே பக்கத்துல இருந்தீங்களே."

"நான் இருக்கிறப்ப எண்ணுவ. இல்லாதப்ப? வண்டி பொய் சொல்லாதுடா."

துரை அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன், மூன்று பிரதி. கவனக்குறைவாக ஓட்டித் தோட்டத்து வாகனத்துக்குச் சேதம் விளைவித்ததால் டிரைவர் வேலையிலிருந்து நீக்கி, செடிகளுக்கு மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றப்படுகிறார். வீட்டை மாத முடிவுக்குள் காலி செய்யவேண்டும். மறுநாள் பெரட்டில் மருந்தடிக்கிறவர்கள் வரிசையில் அவன் பெயரைக் கூப்பிட்டேன். பின்னாலிருந்து ஒருவன் பல்லை நறநறவென்று கடித்துக் காட்டினான். களமே சிரித்தது. அன்றோடு அவனுக்குப் பல்லுக்கடி என்று பெயர் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே பெயர்.

இருபது நாள் தாங்கினான். பிறகு குடும்பத்தோடு கம்போங் ராஜாவுக்குப் போய் ஒரு காய்கறித் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். பாக்கியம் ரோஜாச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தாள்.

லோரிக்குப் புது வளையங்கள் போட்டார்கள். வேறு டிரைவர் கிடைக்கிறவரை நானே ஓட்டுகிறேன் என்றார் பட்டறையண்ணன். துரைக்கு நிம்மதி. ஒழுங்காக ஓட்டினால் ஒரு வண்டி எவ்வளவு காலம் வரும் என்பதை இந்தப் பயல்களுக்குக் காட்டட்டும் என்றார். ஏழு மாதம் ஓட்டினார். அவர் கியர் மாற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற கை அது.

ஏழாம் மாதம் ஒரு நாள் மதியம் ஆபீசுக்கு வந்தார். வழக்கமாக வாசலில் நின்றே பேசுகிறவர், உள்ளே வந்து என் மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி, லோரி வந்தப்ப கூடவே ஒரு புஸ்தகம் வந்துச்சே, இருக்கா?"

"இருக்குண்ணே. எதுக்கு?"

"அரைக்குது."

எனக்கு முதலில் புரியவில்லை. எந்த வண்டி என்று கேட்டேன்.

"நான் ஓட்டுற வண்டிதான்."

புத்தகம் என் அலமாரியில், பழைய ரசீதுக் கட்டுகளுக்கு அடியில் இருந்தது. உறைகூடப் பிரிக்கவில்லை. இங்கிலீஷ் புத்தகம்; அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. எண்ணெய் பற்றிப் போட்டிருக்கிற பக்கத்தைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். படித்தேன். கியர் பெட்டிக்கு ஒரு வகை எண்ணெய், பின் அச்சுக்கு வேறு வகை. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் ஊற்றக்கூடாது என்று தடித்த எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

அவர் பச்சைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் தோட்டத்தில் இரண்டுக்கும் ஒரே பீப்பாய்தான். கெட்டியான, அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற பின் அச்சு எண்ணெய். மலையில் ஓடுகிற வண்டிக்குக் கெட்டியாக இருந்தால்தான் தாங்கும் என்பது எல்லாருக்கும் நம்பிக்கை. இருபது வருஷமாக அவர் அதைத்தான் ஊற்றச் சொன்னார். பழைய லோரிகளின் கியர் பெட்டியில் பித்தளை வளையமே கிடையாது, அதனால் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. புது லோரிகள் வந்தபோது ஸ்டோரில் என்ன எண்ணெய் வாங்கவேண்டும் என்று கேட்டார்கள். பழையதே போதும் என்றார். ஆர்டரை நான் டைப் அடித்தேன்.

புத்தகம் சொன்னதை மட்டும் வைத்து அவர் முடிவு கட்டவில்லை. இரண்டு பால் டின்களை எடுத்து, ஒன்றில் பீப்பாய் எண்ணெயும் மற்றதில் தானா ராத்தாவிலிருந்து வாங்கி வந்த வேறு எண்ணெயும் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு புதுப் பித்தளை வளையத்தைப் போட்டார். ஆலையில் கொழுந்து உலர்த்தும் அடுப்பின் பக்கவாட்டில் எப்போதும் சூடாக இருக்கிற ஒரு பலகை உண்டு. அதன்மேல் இரண்டு டின்களையும் வைத்தார். ஒரு மாதம் தினமும் போய்ப் பார்த்தார். லோரியைத் தொடவில்லை. கோப்பிகூடக் குடிக்கிறாரா என்று எங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து இரண்டு வளையங்களையும் துடைத்துக்கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஒன்று வாங்கினபோது இருந்த மஞ்சள். மற்றது அடுப்புக்கரி நிறம். அவர் நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தது.

"துரைக்கு ஒரு லெட்டர் அடிக்கணும்" என்றார். "மாரிமுத்து மேல தப்பில்ல. எண்ணெய்தான் தப்பு. அந்த எண்ணெய ஊத்தச் சொன்னது நான். இத்தன வார்த்ததான்."

"அண்ணே, ஸ்டோர்ல மாத்தி அனுப்பிட்டாங்கன்னு போட்டா முடிஞ்சது. ஒங்க பேரு எதுக்கு?"

"யாரு மாத்துனா?"

அவர் கரி வளையத்தை விரலில் மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு சொல்றேன் கேளு. அன்னிக்கு அவன் பக்கத்துல உக்காந்தப்பவே என் காலுக்குத் தெரியும். அவன் மிதிச்சது சரி, போட்டது சரி. ஒரு கொறையும் இல்ல. ஆனா தட்டுல மஞ்சத்தூளு. வேற காரணம் எனக்குத் தெரியல. துரை கேக்குறாரு, நீங்கள்லாம் சுத்தி நிக்கிறீங்க. தெரியலன்னு சொல்ல வாய் வரலலா."

கடிதத்தை அடித்தேன். துரை படித்தார். எண்ணெயை மாற்றச் சொன்னார், பீப்பாயைத் தனியாக வைக்கச் சொன்னார், கடிதத்தை ஃபைலில் போடச் சொன்னார். மாரிமுத்து பற்றி என்ன செய்வது என்று பட்டறையண்ணன் கேட்டார். அந்த வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டதே என்றார் துரை. விஷயம் அவ்வளவில் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் காரில் அவரைக் கம்போங் ராஜாவுக்குக் கூட்டிப்போனேன். தோட்டத்து ஓரத்தில் பலகை வீடு. மாரிமுத்து முதுகில் கோசுக் கூடையோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தான். எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்துக் கையைத் துடைத்துக்கொண்டான். உட்காருங்கண்ணே என்றான். பட்டறையண்ணன் உட்காரவில்லை.

"மாரி, தப்பு ஒன் மேல இல்ல. எண்ணெய். நான் ஊத்தச் சொன்ன எண்ணெய்தான் வளையத்தத் தின்னுருக்கு. என் காலுல ஓட்டியும் அப்படியே ஆச்சு."

மாரிமுத்து கூடையில் சரிந்திருந்த ஒரு கோசை எடுத்து நேராக வைத்தான்.

"நானே நம்பிட்டேண்ணே" என்றான். "ஒங்க வாயில வந்தப்பறம் வேற என்ன நெனைக்கிறது? இங்க தவுக்கே லோரி குடுத்தாரு, எடுத்துக்கடான்னு. என் காலு சரியில்ல, வேற ஆள பாருங்கன்னு சொல்லிட்டேன்."

ஒரு மனிதன் தன் காலையே சந்தேகப்பட்டு, ஏழெட்டு மாதம் முதுகில் மூட்டை சுமந்திருக்கிறான். பட்டறையண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

பாக்கியம் உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கோப்பித் தம்ளர்களைக் கொண்டுவந்து திண்டில் வைத்தாள்.

"எங்கள்ட்ட சொல்லி என்னண்ணே ஆகப்போவுது? இவரு கால பத்தி எனக்குத் தெரியாதா? பெரட்டுல வந்து சொல்லுங்க. பல்லுக்கடின்னு பேரு வச்ச வாயெல்லாம் அங்கதான நிக்கிது. எம்புள்ளைங்கள அழவச்சதும் அந்த வாய்ங்கதான்."

"சொல்றேம்மா" என்றார். "நாளைக்கே சொல்றேன்."

"நானும் வந்து கேக்குறேன்" என்றாள். எங்களோடு காரிலேயே கிளம்பி வந்து, லயத்தில் இருக்கிற தங்கை வீட்டில் இறங்கிக்கொண்டாள்.

அவள் இறங்கியபிறகு பட்டறை வரை நானும் அவரும் மட்டும். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்தப் புஸ்தகம் என் அலமாரியிலதான் கெடந்துச்சு. எண்ணெய் ஆர்டரும் நான்தான் அடிச்சேன். ஒரு தரம் பிரிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நாளைக்குப் பேசுறப்ப அதையும் சேத்துச் சொல்லிடுங்க."

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அது ஒன் வாயில வரணும் தம்பி. அடுத்தவன் தப்ப சொல்றத நான் நிறுத்திட்டேன்."

நிறுத்தித்தான் விட்டார். நான் அங்கே இருந்த மிச்ச வருஷங்களில், வண்டியில் போய் வந்து இறங்கினால் "பிரிச்சுப் பாக்குறேன்" என்று மட்டும் சொல்வார். பட்டறையண்ணனுக்குக் கை போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். மாரிமுத்து அடுத்த மாதமே தவுக்கேயின் லோரியை எடுத்துவிட்டான். கோசு ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்துப் பாதை வழியாகத்தான் போவான், நிற்கமாட்டான்.

அந்தத் திங்கட்கிழமை விடியற்காலைப் பெரட்டில் நல்ல பனி. நாலு வரிசைக்கு அப்பால் முகம் தெரியவில்லை. பாக்கியம் கொழுந்து எடுக்கிற பெண்களோடு, தான் முன்பு நின்ற இடத்திலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். பட்டறையண்ணன் கங்காணியிடம் ஒரு நிமிஷம் கேட்டு முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். துரையிடம் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னார். தன் காலுக்குத் தெரிந்தும் வாய் தப்பாகச் சொன்னது என்பதையும் சொன்னார். மாரிமுத்துவை இனி யாராவது அந்தப் பெயரில் கூப்பிட்டால் அது தன்னைக் கூப்பிட்டது என்று எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக் காட்டியவன் மூன்றாவது வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாக்கியம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அவர் பேசி முடித்து, என் பக்கத்தில் வந்து நின்றார். நகரவில்லை. எனக்காகத்தான் அந்த இடைவெளி விடப்பட்டிருக்கிறது என்று அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஒரு வாக்கியம் போதும். தொண்டை வரை வந்துவிட்டது. கங்காணி என்னைப் பார்த்து, "என்ன கிராணியாரே, நேரமாவுது" என்றார்.

செக்ரோலைத் திறந்து பேர் கூப்பிட ஆரம்பித்தேன்.